முதல் பிரேக் அப்கிரேடு பண்ணின அம்மா

உங்க கிளாஸ்ல கார் பைத்தியம் ஒருத்தனாவது கண்டிப்பா இருப்பான். அப்பாவோட பழைய காரைக் கையில வாங்கினதும் முதல்ல சைலன்சரை மாத்துவான், அப்புறம் அலாய் வீல். கடைசியா அவன் கண்ணு பிரேக் மேல விழும். ஓட்டை போட்ட ரோட்டர், சிவப்பு கேலிப்பர், பெர்ஃபார்மன்ஸ் பேடுன்னு கேன்டீன்ல ஒரு மணி நேரம் லெக்சர் எடுப்பான். கம்பெனி கொடுத்த பிரேக் பத்தலைங்கிறதுதான் அவனோட மொத்த வாதமும்.

அவனைக் கிண்டல் பண்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. கம்பெனி பிரேக் பத்தலைன்னு நடுரோட்டுல முடிவு பண்ணி, வழியில கிடைச்ச கடையில நிறுத்தி அப்கிரேடு பண்ணின ஆள் 1888லேயே இருந்தாங்க. அவங்களுக்கு அப்போ 39 வயசு, நாலு குழந்தைங்க. அந்த வண்டியைச் செஞ்சது அவங்க வீட்டுக்காரர்தான். ஆனா வண்டியை எடுத்துட்டுப் போனது அவருக்கே தெரியாது.

அவங்க பேரு பெர்தா பென்ஸ். பென்ஸ்ங்கிற பேரைக் கேட்டதும் நமக்கு மூணு முனை நட்சத்திரம்தான் ஞாபகம் வரும். இந்தக் கதையில நட்சத்திரம் கிடையாது. மரக்கட்டை, தோல், ஆணி இதெல்லாம்தான் இருக்கு.

சீதனத்துல ஆரம்பிச்ச ஸ்டார்ட்அப்

பெர்தா ரிங்கர் 1849 மே 3ஆம் தேதி ஜெர்மனியில ஃபோர்ட்ஸ்ஹைம் ஊர்ல பிறந்தாங்க. அப்பா கட்டட வேலையில நல்லா சம்பாதிச்சவர், வசதியான குடும்பம். பெண்கள் பள்ளியில படிச்சாங்க. ஆனா அதுக்கு மேல போக வழி இல்லை. அந்தப் பகுதி பாடன்ங்கிற அரசாட்சிக்குக் கீழ இருந்தது. அங்கே பெண்கள் பல்கலைக்கழகத்துல முறையா சேரலாம்னு அனுமதி கிடைச்சதே 1900லதான். அப்போ பெர்தாவுக்கு 50 வயசு. இந்தத் தகவலை மனசுல வச்சுக்கங்க, கடைசியில திரும்ப வரும்.

1869ல ஒரு சுற்றுலாவுல கார்ல் பென்ஸைச் சந்திச்சாங்க. கார்ல் அப்போ கையில காசு இல்லாத ஒரு எஞ்சினியர். கார்ல்ஸ்ரூஹே பாலிடெக்னிக்ல படிச்சவர். குதிரை இல்லாம ஓடுற வண்டி செய்யணும்ங்கிற ஒரே நினைப்போட திரிஞ்சவர். இன்னைக்கு நம்ம வீட்டுல இப்படி ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்தா என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும்.

1871ல கார்ல் மான்ஹைம்ல ஒரு பார்ட்னரோட சேர்ந்து பட்டறை ஆரம்பிச்சார். அந்த பார்ட்னர் சரியில்லை, பட்டறை மூழ்கப்போற நிலைமை. அப்போ பெர்தா தனக்கு வரவேண்டிய சீதனத்துல ஒரு பங்கைக் கல்யாணத்துக்கு முன்னாடியே அப்பாகிட்ட கேட்டு வாங்கினாங்க. அந்தப் பணத்துலதான் பார்ட்னரோட பங்கைக் கொடுத்து அவரை அனுப்பினாங்க. அதாவது உலகத்தோட முதல் கார் கம்பெனிக்குப் பின்னாடி இருக்கிற முதல் முதலீடு ஒரு பொண்ணோட சீதனம்.

1872 ஜூலையில கல்யாணம். இங்கே ஒரு வினோதம் இருக்கு. கல்யாணம் ஆகாத வரைக்கும் அவங்க தன் பணத்தை இஷ்டப்படி முதலீடு பண்ண முடிஞ்சுது. கல்யாணம் ஆனதும் சட்டப்படி அந்த உரிமை புருஷன் கைக்குப் போயிடுச்சு. பணம் போட்டது அவங்க, ஆனா கம்பெனி விஷயத்துல கையெழுத்துப் போட முடியாது.

அடுத்த சில வருஷம் கடனும் கஷ்டமும்தான். 1879 டிசம்பர் 31 ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ரெண்டு பேரும் பட்டறைக்குப் போய் டூ ஸ்ட்ரோக் எஞ்சினை மறுபடியும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாங்க. அன்னைக்குத்தான் அது நிக்காம ஓடிச்சு. 1886 ஜனவரி 29ஆம் தேதி மூணு சக்கர மோட்டார் வண்டிக்கு கார்ல் பேட்டன்ட் விண்ணப்பம் போட்டார். நம்பர் 37435. எஞ்சின் 954 சிசி, சக்தி முக்கால் குதிரைத்திறன், வேகம் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். பேட்டன்ட்ல இருந்தது பென்ஸ் கம்பெனியோட பேருதான், பெர்தாவோட பேரு இல்லை.

யாரும் வாங்காத கண்டுபிடிப்பு

பேட்டன்ட் வந்துடுச்சு. வண்டியும் ஓடுது. ஆனா வாங்க ஆள் இல்லை. ஜனங்க அதை வேடிக்கை பார்த்தாங்க, பயந்தாங்க, சிரிச்சாங்க. ஊருக்குள்ள கொஞ்ச தூரம் ஓடுறதைப் பார்த்துட்டு யாரு காசு கொடுப்பாங்க?

கார்ல் எப்படிப்பட்டவர்னு சொன்னா உங்களுக்கே புரியும். நம்ம புராஜெக்ட் டீம்ல ஒருத்தன் இருப்பான், மாடல் ஓடினாலும் இன்னும் ஒரு மாத்தம், இன்னும் ஒரு டெஸ்ட்னு ரிவ்யூ தேதி வரைக்கும் யாருக்கும் காட்ட மாட்டான். கார்ல் அந்த ரகம். வண்டியை மெருகேத்திக்கிட்டே இருந்தார். அதை எப்படி விக்கிறதுன்னு அவருக்குத் தெரியலை.

பெர்தா வேற மாதிரி யோசிச்சாங்க. இந்த வண்டி ஒரு குடும்பத்தை ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்னு காட்டணும். அதுக்கு ஒரே வழி, போய்க் காட்டுறதுதான்.

1888 ஆகஸ்ட் மாசம் ஒரு விடியக்காலை, கார்ல் தூங்கிட்டிருக்கும்போது பெர்தாவும் மூத்த பசங்க யூஜனும் ரிச்சர்டும் வண்டியைப் பட்டறையிலேர்ந்து வெளியே எடுத்தாங்க. யூஜனுக்கு 15 வயசு, ரிச்சர்டு அவனுக்கு அடுத்தவன். போக வேண்டிய இடம் ஃபோர்ட்ஸ்ஹைம், பெர்தாவோட அம்மா வீடு. தூரம் சுமார் 106 கிலோமீட்டர். அதுவரைக்கும் மோட்டார் வண்டியில அவ்வளவு தூரம் யாரும் போனதே இல்லை. ரோடுன்னா குதிரை வண்டி போற மண் ரோடுதான். வழி கேக்க மேப் இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை, மெக்கானிக் இல்லை.

ஓடுற வண்டியே டெஸ்ட் லேப்

இந்தப் பயணத்தோட விவரங்கள்ல பெரும்பாலானவை குடும்பத்தார் பின்னால சொன்ன நினைவுகள். அதை நேர வரிசையில சொல்லாம, ஒவ்வொரு பிரச்சினையா எடுத்துக்குவோம். நம்ம லேப் ரெக்கார்டு மாதிரி.

முதல் பிரச்சினை எரிபொருள். வண்டியில தனியா டேங்க் கிடையாது. கார்புரேட்டர்ல இருக்கிற சுமார் நாலரை லிட்டர்தான் மொத்த இருப்பு. அப்போ எரிபொருளா ஓடினது லிக்ராயின்ங்கிற திரவம். துணியில கறை எடுக்க அதை மருந்துக்கடையில வித்தாங்க. பெர்தா வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில நிறுத்தி அதை வாங்கி ஊத்தினாங்க. அதனாலதான் அந்தக் கடையை உலகத்தோட முதல் பெட்ரோல் பங்க்னு சொல்றாங்க. அங்கே இன்னைக்கும் அவங்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கு.

எரிபொருள் குழாய் அடைச்சுக்கிச்சு. தொப்பியில குத்தியிருந்த நீளமான ஊசியை எடுத்து அடைப்பை நீக்கினாங்க. இக்னிஷன் ஒயர்ல மேல்பூச்சு தேய்ஞ்சு ஷார்ட் ஆச்சு. காலுறையைப் பிடிச்சு நிறுத்துற பட்டையை எடுத்து அந்த ஒயரைச் சுத்தினாங்க. புருக்ஸால்ல ஒரு கொல்லர் செயினைச் சரி பண்ணிக் கொடுத்தார். எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி ஆவியா போய்க்கிட்டே இருந்ததால, வழியில எங்கெல்லாம் தண்ணி கிடைச்சுதோ அங்கெல்லாம் நிறுத்தி ஊத்தினாங்க.

மேடு வந்தா இன்னொரு தொல்லை. கியர் ரெண்டுதான், சக்தியும் கம்மி. அதனால மேட்டுல இறங்கித் தள்ள வேண்டியதாச்சு. மேடு ஏறினா இறங்கித்தானே ஆகணும்? நம்ம கதை அங்கேதான் இருக்கு.

மரக்கட்டைக்கு என்ன ஆச்சு?

அந்த வண்டியில பிரேக்னா, கையால ஒரு லிவரை இழுத்தா மரக்கட்டை பின் சக்கரத்துல போய் அழுந்தும். ஊருக்குள்ள மணிக்கு 16 கிலோமீட்டர்ல ஓட்டிப் பார்க்க அது போதும். பிரேக் பத்தலைங்கிற விஷயமே பட்டறைக்குப் பக்கத்துல ஓட்டும்போது தெரிஞ்சிருக்காது.

இறக்கத்துல என்ன நடக்கும்னு ஒரு சின்ன கணக்கு போடலாம். வண்டியும் மூணு பேரும் சேர்ந்து 500 கிலோன்னு வச்சுக்கங்க. 50 மீட்டர் உயரம் இறங்கினா, அந்த ஆற்றல் எம்ஜிஎச் கணக்குப்படி சுமார் 245 கிலோஜூல். வேகம் கூடாம இறங்கணும்னா இதுல பெரும்பகுதி பிரேக்ல வெப்பமா மாறியாகணும். இது கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற வெப்பம். ரெண்டு சின்ன மரக்கட்டையோட தேய்க்கிற முகத்துல இது விழுது. மரம் வெப்பத்தை உள்ளே கடத்தாது. அதனால மேற்பரப்பு மட்டும் சூடேறிக் கருகும், வழுவழுன்னு ஆகும், தேயும். கட்டை தேயத் தேய லிவர் இன்னும் தூரம் போகணும். ஒரு கட்டத்துக்கு மேல இழுத்தாலும் பிடிக்காது.

இப்போ அந்த நிலைமையை யோசிச்சுப் பாருங்க. மண் ரோடு, இறக்கம், பக்கத்துல சொந்தப் பசங்க ரெண்டு பேரு, கையில பிடிக்காத லிவர். வண்டி கவுந்திருந்தா மூணு உயிரோட அந்தக் கம்பெனியும் போயிருக்கும். மோட்டார் வண்டின்னா ஆபத்துன்னு சொல்லிட்டிருந்த ஊரு, நாங்க அப்பவே சொன்னோமேன்னு முடிச்சிருக்கும்.

பெர்தா பவுஷ்லாட் ஊர்ல ஒரு செருப்புத் தைக்கிறவர்கிட்ட வண்டியை நிறுத்தினாங்க. பிரேக் கட்டை மேல தோலை வச்சு ஆணி அடிக்கச் சொன்னாங்க. அவ்வளவுதான். கார் வரலாற்றுல பிரேக் லைனிங் அங்கேதான் பிறந்ததுன்னு சொல்றாங்க.

கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா டிசைன் கண்ணோட பாருங்க. தோல் மரத்தை விட வளைஞ்சு கொடுக்கும், அதனால சக்கரத்துல நல்லா படியும். அதை விட முக்கியமான விஷயம், பாரத்தைத் தாங்குற பாகத்தையும் தேயுற பாகத்தையும் அவங்க தனித்தனியா பிரிச்சுட்டாங்க. கட்டை உறுதிக்கு, தோல் உராய்வுக்கு. தேய்ஞ்சா தோலை மட்டும் மாத்தினா போதும். இன்னைக்கு நீங்க கடையில வாங்குற பிரேக் பேடைத் திருப்பிப் பாருங்க. பின்னாடி ஒரு இரும்புத் தகடு, முன்னாடி தேயுற பொருள். 1888ல ஆணி அடிச்சாங்க, இப்போ ஒட்டுறாங்க. ஐடியா அதேதான்.

திரும்பி வந்த அப்புறம்

பொழுது சாஞ்ச அப்புறம் ஃபோர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்து கார்லுக்குத் தந்தி அடிச்சாங்க. சில நாள் தங்கிட்டு, வேற வழியா அதே வண்டியில திரும்பி வந்தாங்க. வழி நெடுக ஜனங்க பார்த்தாங்க, பேசினாங்க. எந்த விளம்பரமும் கொடுக்க முடியாத பேரு கிடைச்சுது.

ஆனா எஞ்சினியரா நான் பெரிசா நினைக்கிறது அவங்க கொண்டு வந்த டெஸ்ட் ரிப்போர்ட்டைத்தான். மேடு ஏற இன்னொரு கியர் வேணும், பிரேக்குக்கு லைனிங் வேணும். பட்டறைக்குள்ள எத்தனை வருஷம் உக்காந்திருந்தாலும் இது ரெண்டும் தெரிஞ்சிருக்காது. கார்ல் மேட்டுக்குன்னு இன்னொரு கியர் சேர்த்தார். அதே வருஷம் செப்டம்பர்ல மியூனிக் கண்காட்சியில அந்த வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைச்சுது. 1894ல வெலோங்கிற சின்ன மாடல் வந்துச்சு. 1899ல மட்டும் பென்ஸ் கம்பெனி 572 வண்டி செஞ்சு, உலகத்துலயே பெரிய கார் கம்பெனியா நின்னுச்சு.

பிரேக்கும் வளர்ந்துக்கிட்டே போச்சு. 1890கள்ல இங்கிலாந்துல ஹெர்பர்ட் ஃப்ரூட்ங்கிறவர், குதிரை வண்டிக்காரங்க பிரேக் கட்டையில பழைய செருப்புத் தோலை அடிச்சு ஓட்டுறதைப் பார்த்தார். அதை விட நல்ல பொருள் செய்யணும்னு ஆரம்பிச்சதுதான் ஃபெரோடோ கம்பெனி. ஆக, பவுஷ்லாட்ல நடந்தது தனி ஆளோட அதிசயம் இல்லை. ரோட்டுல ஓட்டுறவங்களுக்குத் தெரிஞ்ச ஞானம் அது. அதை மோட்டார் வண்டிக்குக் கொண்டு வந்தது பெர்தா. 1902ல ஃப்ரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்கு பேட்டன்ட் வாங்கினார். 1953ல லெ மான்ஸ் ரேஸ்ல டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி டைப் ஜெயிச்ச அப்புறம்தான் டிஸ்க் மேல உலகத்துக்கே நம்பிக்கை வந்துச்சு. நடுவுல பல வருஷம் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதோட தூசி நுரையீரலுக்கு விஷம்னு தெரிஞ்ச அப்புறம் அதையும் தூக்கினாங்க.

உங்க ஃப்ரெண்டுக்கு ஒரு வார்த்தை

இப்போ அந்தக் கார் பைத்தியத்துக்கு வருவோம். பெர்தா செஞ்சதை ஒரு முறையா எழுதினா இப்படி வரும். முதல்ல ஓட்டிப் பார்த்தாங்க. எது தோத்துப்போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதை மட்டும் மாத்தினாங்க.

அவன் காருக்கும் இதே கேள்விதான். ஒரு தடவை ஓங்கி மிதிச்சாலே ஏபிஎஸ் வேலை செய்யுதுன்னா, சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துற பலம் பிரேக்ல ஏற்கெனவே இருக்கு. அப்போ நிக்கிற தூரத்தை முடிவு பண்றது டயரும் ரோடும்தான். பெரிய ரோட்டர் போட்டாலும் அது குறையாது. பெரிய ரோட்டரும் நல்ல பேடும் உதவுறது சூட்டுலதான். மலை இறக்கத்துல திரும்பத் திரும்ப மிதிக்கும்போது பிடி குறையாம இருக்கணும், அதுக்குத்தான் அது.

ஓட்டை போட்ட ரோட்டர் பார்க்க அழகு. பழைய பேடுங்க சூட்டுல வாயு விடும். அதையும் தண்ணியையும் வெளியேத்தத்தான் அந்த ஓட்டை. இன்னைக்கு வர்ற பேடுகள்ல அந்தத் தொல்லை ரொம்ப கம்மி. ஆனா ஓட்டையைச் சுத்தி விரிசல் வர்ற ஆபத்து அப்படியே இருக்கு. ரேஸ் பேடு வாங்கினா, சூடேறாத வரைக்கும் அது சரியா பிடிக்காது. காலையில காலேஜுக்கு வர்ற வழியில அது சூடேறப்போறதில்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் சேர்ந்தா அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிடும். கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதனால முதல்ல டயர், அப்புறம் புது ஆயில், அப்புறம் ரோட்டுக்கு ஏத்த நல்ல பேடு. ரோட்டர் கடைசியில. புதுப் பேடு போட்டா, சொல்லியிருக்கிற முறைப்படி பல தடவை மிதமா மிதிச்சு படிய வைக்கிறதையும் மறக்க வேண்டாம்.

கடைசி பக்கம்

1903ல கார்ல் அந்தக் கம்பெனியோட தினசரி வேலையிலேர்ந்து விலகினார். குடும்பம் லாடன்பர்க் ஊர்ல குடியேறிச்சு. 1926ல பென்ஸும் டைம்லரும் ஒண்ணாச்சு. 1929ல கார்ல் இறந்தார். அதுக்கப்புறம் 15 வருஷம் பெர்தா அதே ஊர்ல இருந்தாங்க. ரெண்டு உலகப் போரையும் பார்த்தாங்க.

1944 மே 3, அவங்களோட 95ஆவது பிறந்த நாள். கார்ல் படிச்ச அதே கார்ல்ஸ்ரூஹே கல்லூரி, அப்போ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அவங்களுக்கு கௌரவ செனட்டர் பட்டம் கொடுத்துச்சு. அவங்க இளவயசுல ஒரு பொண்ணா உள்ளே நுழையவே முடியாத இடம் அது. ரெண்டு நாள் கழிச்சு, மே 5ஆம் தேதி இறந்தாங்க.

2008ல அவங்க போன வழிக்கு ஜெர்மனியில பெர்தா பென்ஸ் நினைவுப் பாதைன்னு பேரு வச்சாங்க. போக வர சுமார் 194 கிலோமீட்டர். அந்தப் பாதையில ஒரு மருந்துக்கடை இருக்கு, ஒரு கொல்லர் பட்டறை இருந்த ஊர் இருக்கு, தோல் அடிச்ச ஊரும் இருக்கு. ஆனா அந்தச் செருப்புத் தைக்கிறவர் பேரு நம்ம யாருக்கும் ஞாபகம் இல்லை.

இந்த வருஷம் ஃபைனல் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதப்போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசைன் பண்ணினவன் பேரு எப்படியும் அட்டையில வந்துடும். ராத்திரி முழுக்க உக்காந்து ஓட்டிப் பார்த்து, இது பிடிக்கலைன்னு வந்து சொன்னவ பேரையும் போடுங்க. வொர்க்‌ஷாப்ல வெல்டிங் வச்சுக் கொடுத்த அண்ணன் பேரையும் போடுங்க. அதுக்கு ரெண்டு வரிதான் ஆகும்.